நான் அங்கே இல்லை என்று எழுதியவர்

எங்கள் பள்ளியில் மாணவிகள் அவரிடம் பயமில்லாமல் பேசுவார்கள். ஆசிரியர்களுக்குத்தான் பயம். கையில் ஒரு விண்ணப்பமோ கடிதமோ இருந்தால் அதை மடித்துப் பிடித்துக்கொண்டுதான் அவருடைய மேசையைத் தாண்டுவோம்.

காரைக்குடியில் ஒரு தனியார் பெண்கள் மேல்நிலைப் பள்ளி அது. அவர் வேதியியல் ஆசிரியை, நான் கணிதம். ஏழு ஆண்டுகள் ஆசிரியர் அறையில் எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது. காளையார்கோவிலுக்குப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். வீட்டில் மாமனாரும் நான்கு ஆடுகளும். பருத்திப் புடவைதான் கட்டுவார். எல்லாப் புடவையிலும் எங்காவது ஆசிட் தெறித்துப் பொத்தலான இடம் இருக்கும். அதைக் கொசுவத்துக்குள் மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் நான் ஒரு விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று தொடங்கியிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். அடுத்தவர் எழுதுவதை எட்டிப் பார்ப்பது தப்பு என்று அவர் நினைத்ததில்லை.

“என்ன காரணம்?”

“மாமியாருக்குக் கண் ஆபரேஷன். மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“அதைத் தவிர்க்க முடியாதாக்கும்?”

“தள்ளிப் போடலாம். ஆனா தேதி வாங்கியாச்சு.”

“அப்ப தவிர்க்க முடியும். நீங்க தவிர்க்கலை. நல்ல காரியம்தானே பண்ணுறீக, அதை எதுக்கு ஒளிச்சு வைக்கிறீக? என்கிட்டச் சொன்னீகள்ல, அதையே எழுதுங்க.”

எழுதினேன். தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு எந்த டாக்டர், எந்தக் கண் என்று விசாரித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதுவரை நான் எழுதிய எந்த விடுப்புக் கடிதத்தையும் யாரும் முழுதாகப் படித்ததாக நினைவில்லை.

‘சொன்னீகள்ல, அதையே எழுதுங்க’ என்பதை அவர் ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்வார். எழுதியதைக் கையில் வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “இப்ப வாயால சொல்லுங்க” என்பார். நாம் சொல்வோம். சொன்னதற்கும் எழுதியதற்கும் தொடர்பே இருக்காது. பள்ளியைக் கூட்டுகிற அக்கா ஒருமுறை அலுவலகத்தில் யாரிடமோ எழுதி வாங்கிய விண்ணப்பத்தோடு வந்தார். துப்புரவுப் பணிகள் செம்மையாக நடைபெற ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது.

“உனக்கு என்னக்கா வேணும்?”

“வெளக்கமாறு தேஞ்சு போச்சு டீச்சர். ரெண்டு புதுசு வேணும்.”

“அம்புட்டுத்தானே?”

அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தார். மறுநாள் துடைப்பம் வந்துவிட்டது. பழைய விண்ணப்பம் மூன்று வாரமாக அலுவலகத்திலேயே கிடந்ததாம்.

‘பட்டது’ என்று முடிகிற வினைச்சொற்கள் அவருக்கு ஆகாது. முடிவு எடுக்கப்பட்டது, ஜன்னல் உடைக்கப்பட்டது, நேரம் மாற்றப்பட்டது என்று சுற்றறிக்கை வந்தால் பென்சிலால் அடிக்கோடிட்டு ஓரத்தில் ‘யாரால்?’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அடுத்த ஆளுக்கு நகர்த்துவார். தலைமையாசிரியை முதலில் கோபப்பட்டார், பிறகு கண்டுகொள்ளாமல் விட்டார். வேதியியல் ஆசிரியையிடமே ஒருநாள் நான் கேட்டேன், இதில் என்ன அவ்வளவு பிடிவாதம் என்று. டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சொன்னார்:

“புரிஞ்சவுக சின்னதா எழுதுவாக. புரியாதவுக நீட்டி எழுதுவாக, பாவம், அவுகளை ஒண்ணும் சொல்லக் கூடாது. புரிஞ்சும் நீட்டி எழுதுறாக பாருங்க, அவுக எதையோ துணி போட்டு மூடுறாகன்னு அர்த்தம். என்னதான் மூடியிருக்காகன்னு பாக்கத் தோணுது எனக்கு.”

பார்க்கத் தோன்றுவதை எல்லாம் பார்த்துவிட முடியாது என்பது அவருக்குத் தெரியவில்லை. தமிழாசிரியையின் தாயார் இறந்தபோது பள்ளி சார்பில் ஓர் இரங்கல் கடிதம் தயாரானது. ‘மீளாத் துயரில் ஆழ்ந்திருக்கிறோம்’ என்று இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அவரிடம் வந்ததும் நின்றுவிட்டது.

“அவுக அம்மாவை நாம யாரும் பார்த்ததே இல்லையே. மதியம் எல்லாரும் சாப்பிட்டோம், சிரிச்சோம். அப்புறம் என்ன மீளாத் துயரம்?”

கடிதத்தின் பின்பக்கம் அவராக இரண்டு வரி எழுதினார். ‘உங்கள் அம்மா இறந்ததைக் கேட்டு வருந்துகிறோம். நீங்கள் திரும்பி வரும்வரை உங்கள் வகுப்புகளை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.’ சொன்னபடியே பத்து நாள் பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழும் எடுத்தார். ஆனால் கடிதத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்தே தமிழாசிரியையிடம் போய்விட்டன. என் அம்மா சாவுக்கும் திருத்தம் போட்டவள் என்று அவர் கடைசிவரை இவரோடு பேசவில்லை. இவர் அதற்காக வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

பாடம் நடத்துவதில் அவரிடம் விசேஷமான வித்தை எதுவும் இல்லை. குரலும் மெல்லிய குரல்தான். ஆய்வகப் பதிவேடு திருத்துவதில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் உப்பு ஆய்வு என்று ஒரு செய்முறை உண்டு. கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு சோதனையாகச் செய்து கண்டுபிடித்து, பார்த்ததை எழுத வேண்டும். செம்பு இருந்தால், அமோனியாவை ஊற்றியதும் கரைசல் அடர் நீலமாக மாற வேண்டும். அந்த ஆண்டு அமோனியா பாட்டில் பழையதாகி வீரியம் போய்விட்டிருந்தது. அது அவருக்கும் தெரியாது. பதிவேடுகளைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. எல்லோரும் ‘அடர் நீலம் தோன்றியது’ என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு பெண், ‘அடர் நீலம் வரவில்லை. வெளுத்த நீலமாகவே இருந்தது. மூன்று தடவை செய்தேன். ஏன் என்று தெரியவில்லை’ என்று எழுதியிருந்தாள்.

அவர் எழுந்து ஆய்வகத்துக்குப் போய்த் தானே ஊற்றிப் பார்த்தார். வெளுத்த நீலம். திரும்பி வந்து அந்தப் பதிவேட்டை என்னிடம் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“பாருங்க டீச்சர். எல்லாரும் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்காளுக. இவ ஒருத்திதான் டியூபைப் பார்த்திருக்கா. தெரியலைன்னு எழுதியிருக்கா பாருங்க, அங்கதான் படிப்பே ஆரம்பிக்குது.”

அந்தப் பெண் என் கணித வகுப்பிலும் இருந்தாள். பிள்ளையார்பட்டிக்காரி. அப்பா கோயிலுக்குப் போகும் வழியில் தேங்காய், பழம், அர்ச்சனைத் தட்டு விற்கிற கடை வைத்திருந்தார். அம்மா அதே கடையில் பூக்கட்டினார். பேசவே மாட்டாள். கேட்டால் மட்டும் பதில் சொல்வாள்.

இனி வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆசிரியர் அறையில் அதிகம் புழங்கிய வாக்கியம் ‘நேரமே இல்லை’ என்பது. மாணவிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும், அதையே தாளில் எழுத வேண்டும், அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். யார் யாருக்குச் செருப்பளவு என்ன என்று ஒரு நாள், எத்தனை பேர் மரக்கன்று நட்டார்கள் என்று மறுநாள். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது போன் அதிரும். ‘பத்து நிமிடத்துக்குள் அனுப்பவும்’ என்று வரும்.

ஒரு வாரம் முழுக்க அவர் தான் செய்த வேலைகளை ஒரு பழைய விடைத்தாளின் பின்புறத்தில் எழுதிவந்தார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். எல்லாம் அவருடைய நடையில்தான். ‘செவ்வாய். ஒரே பட்டியலை மூன்று விதமாக எழுதிக் கொடுத்தேன். புதன். அந்தப் பட்டியல் வேண்டாம் என்று சொன்னார்கள். வியாழன். அமிலங்களைப் பற்றிப் பாடம் எடுத்தேன். நடுவில் மூன்று தடவை போன் பார்த்தேன். மூன்றாவது தடவை எதில் நிறுத்தினேன் என்று மறந்துவிட்டேன். ஒரு மாணவி நினைவுபடுத்தினாள்.’

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

“வேலை அதிகம், வேலை அதிகம்னு சொல்லுறோம். எந்த வேலைன்னு எழுதிப் பார்த்தா வெக்கமா இருக்கு டீச்சர்” என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்படிச் சொன்னவர்தான் எல்லோருடைய வேலையையும் செய்துகொண்டிருந்தார். கணினியில் அவருக்குக் கை வேகம். பத்து நிமிடம் வாங்களேன் டீச்சர் என்றால் வந்துவிடுவார். அவரை அதிகம் கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு அந்தக் கணினிக் கட்டங்களை நிரப்பத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பின் பொறுப்பு என்னிடம் இருந்தது.

செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தபோது அது நடந்தது. வியாழக்கிழமை, மதியம் இரண்டாவது பிரிவேளை. மாணவிகளின் பெயர்ப் பட்டியலில் திருத்தம் செய்ய மூன்று மணியோடு நேரம் முடிகிறது என்று செய்தி வந்தது. நாலு பெயர்களில் எழுத்துப் பிழை. நான் என்ன அழுத்தினாலும் சிவப்பாக ஏதோ வந்து நின்றது. தலைமையாசிரியை என் பின்னால் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்துக்கு ஓடினேன். பதினெட்டுப் பெண்கள் நின்று உப்பு ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்றபடியே கூப்பிட்டேன்.

“பத்து நிமிஷம் வாங்களேன் டீச்சர். மூணு மணிக்கு மூடிருவாங்களாம்.”

அவர் ஒருமுறை மாணவிகளைத் திரும்பிப் பார்த்தார். ஆய்வக உதவியாளர் உள்ளே இருந்தார். “பாத்துக்கங்க, இந்தா வந்துர்றேன்” என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னோடு வந்தார். நாங்கள் போன பிறகு அந்த உதவியாளரை யாரோ நாற்காலி தூக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள் பள்ளியில் ஒரு விழா இருந்தது.

மூன்று பெயர்களைத் திருத்தி நாலாவதில் இருந்தபோது அலறல் கேட்டது.

பிள்ளையார்பட்டிப் பெண்தான். கந்தக அமிலம் ஊற்றிய உப்பைச் சூடு காட்டும்போது சோதனைக் குழாயிலிருந்து பொங்கி முகத்தில் அடித்துவிட்டது. இடது கன்னம், இடது கண். ஓடிப்போன அவர் அவளைத் தூக்காத குறையாக இழுத்துப்போய்த் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் முகத்தைப் பிடித்தார். இமையை இரண்டு விரலால் விரித்து வைத்துக்கொண்டு தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். ஆட்டோ வந்து நின்றும் விடவில்லை. “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர்தான் கண்ணைக் காப்பாற்றியது என்று மதுரையில் டாக்டர் பிறகு சொன்னார். முழுதாகக் காப்பாற்றவில்லை. இடது கண்ணில் பார்வை மங்கலாகத்தான் மிஞ்சியது. கன்னத்தில் தழும்பு.

திங்கட்கிழமை பள்ளி நிர்வாகம் ஓர் அறிக்கை தயாரித்திருந்தது. தட்டச்சுச் செய்த அரைப் பக்கம். ‘ஆய்வகத்தில் எதிர்பாராத வகையில் சிறு விபத்து நிகழ்ந்துள்ளது. மாணவி அறிவுறுத்தல்களைப் பின்பற்றாததன் காரணமாக இது நேர்ந்ததாக அறியப்படுகிறது. உடனடியாக முதலுதவி அளிக்கப்பட்டது.’ கீழே அவர் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள். மாணவியின் தவறு என்று ஆனால், அவள் அந்த ஆண்டு செய்முறைத் தேர்வு எழுதுவதும் சிக்கல்தான் என்று தலைமையாசிரியையின் அறையில் பேசிக்கொண்டார்கள். எல்லோருக்கும் அந்தப் பெண்மேல் இரக்கம் இருந்தது. ஆனால் அந்தத் தாளைக் கிழிக்கும் அளவுக்கு யாரிடமும் இல்லை.

அவர் நின்றபடியே அதைப் படித்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“இதுல நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டார்.

“அதான் டீச்சர், உங்க பேரே வராம எழுதியிருக்கோம்” என்றார் தலைமையாசிரியை. “உங்களுக்காகத்தான்.”

“அந்தப் புள்ள மட்டும் வருது.”



அவர் ஆசிரியர் அறைக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். எனக்கு அது ஏறக்குறைய மனப்பாடம்.

‘வியாழன் மதியம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் பதினெட்டுப் பேர் உப்பு ஆய்வு செய்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பு நான். இரண்டு இருபது மணிக்கு நான் ஆய்வகத்தை விட்டு வெளியே போனேன். அலுவலகக் கணினியில் வேறொரு வேலை செய்தேன். விபத்து நடந்தபோது நான் அங்கே இல்லை. மாணவி எந்த விதியையும் மீறவில்லை. பாதுகாப்புக் கண்ணாடிகள் ஆறு பீரோவில் இருந்தன. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் அங்கே இருந்திருந்தால், சோதனைக் குழாய் அவள் முகத்துக்கு நேராக இருந்ததைப் பார்த்துத் திருப்பிப் பிடிக்கச் சொல்லியிருப்பேன்.’

கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் காட்டினார்.

“என்னைக் கூப்பிட்டது யாருன்னு நான் எழுதலை. போனது என் கால்தான். கூப்பிட்டதை நீங்க எழுதிக்கங்க. உங்ககிட்டயும் கேப்பாக.”

கேட்டார்கள். மறுநாள் விசாரணைக்கு ஒருவர் வந்தார். என் பங்குக்கு ஒரு தாள் கொடுத்தார். நான் யோசித்தேன். எங்கள் வீட்டில் அப்போது என் சம்பளம் ஒன்றுதான். கணவருக்கு வேலை இல்லை. இதை ஒரு நியாயமாகச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். பத்து வரி எழுதினேன். அதில் ஒரு வரி: ‘அலுவல் நிமித்தமாக ஆசிரியை கணினி அறைக்கு அழைக்கப்பட்டார்.’

எழுதும்போதே எனக்குத் தெரியும். பென்சிலை எடுத்து ஓரத்தில் அந்தக் கேள்வியைப் போட அங்கே ஆள் இல்லை. வந்தவர் படித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெண்மேல் குற்றம் இல்லை என்று ஆனது. அவருடைய கடிதத்தால்தான் ஆனது. செய்முறைத் தேர்வை அவளுக்குத் தள்ளி, வேறொரு நாள் வைத்தார்கள். அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தனியார் பள்ளிதான், ஒரு நாளில் முடிந்துவிடுகிற காரியம். தன் பொருள்களைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வழக்கமான பஸ்ஸுக்குப் போனார். நான் அன்று வகுப்பில் இருந்தேன். வெளியே வந்திருக்கலாம். வரவில்லை.

நாற்பது நாளாவது இருக்கும், அவருடைய ஊருக்குப் போனேன். பஸ் இறங்கி, “சிங்கப்பூர்க்காரர் வீடு எங்குட்டு இருக்கு?” என்று கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். முற்றத்தில் ஆட்டுக்கு இலைதழைகளைக் கொழையாகக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“வாங்க டீச்சர். வெயில்ல வந்திருக்கீக. உள்ள வாங்க.”

மோர் கொடுத்தார். சிவகங்கைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கேட்டிருப்பதாகவும், ஏன் முந்தின இடத்தை விட்டீர்கள் என்று கேட்டால் நடந்ததைச் சொல்வதாகவும், சொன்னதும் அவர்கள் பார்த்துச் சொல்கிறோம் என்பதாகவும் சொன்னார். அடுத்தவர் கதையைச் சொல்வதுபோல் சொன்னார்.

“நான்தான் கூப்பிட்டேன்னு நான் எழுதலை டீச்சர்” என்றேன்.

“தெரியும். என்கிட்டயும் காட்டுனாக.”

“கோவமா இருக்கீங்களா?”

அவர் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு உடனே ‘இல்லை’ என்று சொல்கிறவர் இல்லை.

“இருந்துச்சு. ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நீங்க வாசல்ல நின்னு கூப்புட்டீகள்ல, ‘வர முடியாது, பிள்ளைக இருக்காக’ன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில வரலை. ஏழு வருஷமா ஒருத்தர்கிட்டக்கூட நான் அதைச் சொன்னது இல்லை. ஊர்ப்பட்ட பேருக்குத் தெளிவா எழுதச் சொல்லிக் குடுத்தேன். எனக்கு ‘வர மாட்டேன்’னு சொல்லத் தெரியலை. யாரு எது கேட்டாலும் ஓடுனேன். ஓடிக்கிட்டே இருந்தா நல்லவள்னு நினைச்சுக்குவாகன்னு ஒரு ஆசை. அதையும் துணி போட்டு மூடித்தான் வச்சிருந்தேன்.”

ஆடு கத்தியது. எழுந்து போய்த் தண்ணீர் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. கிளம்பும்போது, “அந்தப் புள்ளையைப் போய்ப் பார்த்தீகளா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

அடுத்த நாள் நான் ஒரு கடிதம் எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். கணினி வேலைக்கு அவரை ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டது நான் என்று. தலைமையாசிரியை படித்தார், மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார். “எல்லாம் முடிஞ்சபிறகு இப்ப எதுக்கு டீச்சர் இது?” என்றார். இழுப்பறை மூடிக்கொண்டது. கடிதத்தின் பயணம் அவ்வளவுதான். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார்பட்டிக்குப் போனேன். கடையில் கூட்டம். வீடு பின்னால் இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை முகத்துக்குச் சற்றே வலப்பக்கமாக வைத்துப் படித்தாள். கன்னத்தில் தோல் இளஞ்சிவப்பாகப் புதிதாக இருந்தது. அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் காபி போடப் போனார்.

செய்முறைத் தேர்வு எப்படி எழுதினாள் என்று கேட்டேன். நன்றாக எழுதினேன் என்றாள். கெமிஸ்ட்ரி டீச்சர் மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாச் சோதனையும் சொல்லிக் கொடுத்தார் என்றாள். எனக்கு அது புதிய செய்தி. வீட்டுக்குள் உட்கார வைத்து மோர் கொடுத்த அன்று அவர் இதைச் சொல்லவில்லை.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கினேன். “அன்னைக்கு டீச்சர் ஏன் வெளிய போனாங்கன்னா...”

“நீங்க வந்து கூப்பிட்டீக. நான் பார்த்தேன் டீச்சர். வாசலுக்கு நேரா நான்தான் நின்னேன்.”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கணக்கில் விடை சொல்வதுபோல் சொன்னாள்.

“நீ யார்கிட்டயும் சொல்லலையே?”

“யாரும் என்கிட்டக் கேக்கலை. டீச்சர்கிட்ட மட்டும் சொன்னேன், நான் போய்ச் சொல்லவான்னு. வேணாம்னுட்டாக. ‘அதை எழுத வேண்டியவுக எழுதுவாக, இன்னும் கொஞ்ச நாளாகும். நீ உன் பரிச்சையை எழுது’ன்னாக.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சாட்சி அவர் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதை அவர் எடுக்கவில்லை. பீரோவில் இருந்த ஆறு கண்ணாடியைக்கூட விடாமல் எழுதியவர் என்னை எழுதவில்லை. இன்றுவரை எனக்கு அது பெருந்தன்மையா, என்னிடமிருந்து ஒரு வாக்கியத்தை வாங்கியே தீருவது என்ற பிடிவாதமா என்று முடிவு செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவும் இல்லை. கணவரோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். பரமக்குடியில் ஒரு பள்ளியில் இருப்பதாக இன்னொருவர் சொன்னார்.

அந்தப் பெண்ணின் அம்மா காபியோடு வந்தார். டம்ளரை என் பக்கம் நீட்டியபடியே கேட்டார்:

“என்ன விஷயமா இம்புட்டுத் தூரம் வந்தீக டீச்சர்?”

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்குக் கெமிஸ்ட்ரி டீச்சரை வகுப்பை விட்டு வெளிய கூப்பிட்டது நான்தாங்க” என்றேன். “கம்ப்யூட்டர்ல பேரு திருத்துறதுக்காகக் கூப்பிட்டேன். அதனாலதான் அவங்க அங்க இல்லை.”

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். எனக்கும் அவருக்கும் நடுவில். குடியுங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கூடையிலிருந்து பூவை எடுத்துக் கட்டத் தொடங்கினார். நான் எழுந்திருக்கவில்லை. காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.